ஐந்தா, பத்தா, பதினைந்தா?

தற்காப்புக் கைத்துப்பாக்கியில் எத்தனை தோட்டா இருக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பினால் இரண்டு கட்சிதான். "ஐந்தில் முடியாதது ஐம்பதிலும் முடியாது" என்பது ஒன்று. "கூடுதலாக இருந்து யாரும் கெட்டதில்லை" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டுமே கணக்குப் போடாமல் சொல்லப்படுபவை.

கணக்கு இப்படி. கைத்துப்பாக்கித் தோட்டா பொதுவாக ரைஃபிள் தோட்டாவைவிடப் பலவீனமானது. மூளையிலோ தண்டுவடத்திலோ படாவிட்டால், தாக்க வருபவர் இரத்தம் இழந்து தளர்வதற்குச் சில நொடிகளாவது ஆகும். மியாமியில் 1986 ஏப்ரல் 11 அன்று எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) ஆட்களோடு மோதியவர்களில் ஒருவன், நெஞ்சுக்குள் பாய்ந்த 9 எம்எம் தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுபோனதால், அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். எனவே ஒருவரை நிறுத்த இரண்டு மூன்று தோட்டா சரியான இடத்தில் பட வேண்டியிருக்கலாம். பயிற்சி பெற்ற காவலர்களே நெருக்கடியில் சுடும்போது பாதிக்கு மேல் தவறுவது சாதாரணம். அப்படியானால் ஒரு ஆளுக்கு ஐந்தாறு, இரண்டு ஆட்கள் வந்தால் பத்துப் பன்னிரண்டு. ஐந்து தோட்டா ரிவால்வர் ஒரே ஒருவருக்கான கருவி. அதைத் தெரிந்துகொண்டு எடுத்துச் செல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை.

என் கருத்து: இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்ல 10 நல்ல கீழெல்லை. அதற்கு மேல் போவதா என்பதைத் தோட்டாவின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், கைப்பிடியை வைத்து முடிவு செய்யுங்கள்.

எடையைப் பலர் பெரிதுபடுத்துகிறார்கள். ஒரு 9 எம்எம் தோட்டா சுமார் 12 கிராம். பத்துக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் 60 கிராம்தான். உடைக்கு வெளியே துருத்திக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் நீளமும் தடிமனும். கிளாக் 19 பிஸ்டலில் 15 தோட்டா, ஆனால் கைப்பிடி தடிமன். 2018-இல் வந்த சிக் சாவர் பி365 மெல்லிய உடம்புக்குள்ளேயே 10 தோட்டாவை அடைத்துக் காட்டியது. அதோடு "சின்னத் துப்பாக்கி என்றால் ஆறுதான்" என்ற வாதம் ஏறக்குறைய செத்துப்போனது.

சின்னதற்கு வேறொரு விலை உண்டு. சுண்டுவிரலுக்கு இடமில்லாத கைப்பிடியில் துப்பாக்கி உதைத்து எழும்பும், இரண்டாவது குறி தாமதமாகும். சோதித்துப் பாருங்கள்: 7 மீட்டர் தூரம், 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டு, ஐந்து தோட்டா, நேரம் அளக்கும் கருவி. பெரியதிலும் சின்னதிலும் செய்யுங்கள். சின்னதில் இரண்டு தோட்டா தட்டுக்கு வெளியே போனால், உங்கள் 10 உண்மையில் 6. வெளியே போன ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு சுவருக்குள் போகும். அதற்கும் பொறுப்பு நீங்கள்தான்.

மாற்று மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) எதற்கு? தோட்டா தீர்ந்துவிடும் என்பதற்காக என்று நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம், பிஸ்டலில் சிக்கல் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி மேகசின்தான். வாய் விளிம்பு வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சேம்பரில் (சுடப்படும் தோட்டா நிற்கும் அறை) ஒன்று கிடக்க அடுத்தது பின்னால் முட்டிக்கொண்டால், ஸ்லைடை (பிஸ்டலின் முன்பின் நகரும் மேற்பகுதி) பின்னிழுத்துப் பூட்டி, மேகசினைப் பிடுங்கி, ஸ்லைடை மூன்று முறை இழுத்துவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். வேறொன்று கையில் இருந்தால்தானே!

முழுக்க நிரப்பிய மேகசினை ஸ்லைடு மூடியிருக்கும்போது செருகினால் சில சமயம் பூட்டில் விழாது. முதல் தோட்டாவைச் சுட்டதும் மேகசின் தரையில் கிடக்கும். செருகியதும் கீழே இழுத்துப் பாருங்கள். அடம்பிடித்தால் ஒரு தோட்டா குறைத்து நிரப்புங்கள். கூடுதலாக இரண்டு கொள்ளும் அடிமூடியை மாட்டிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விட்டுவைப்பது இன்னொரு தவறு. கடைசித் தோட்டாக்களை அது வேகமாக மேலே தள்ளாது. சேம்பரில் ஒன்று கூடுதலாக வைப்பவர்கள் அதே தோட்டாவைத் தினமும் எடுத்துப் போடக் கூடாது: தோட்டாவின் முனையில் உள்ள குண்டு அதன் உறைக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஏறும்.

ரிவால்வர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டைக் குழலில் வெற்று உறைகளைத் தள்ளும் கம்பியும் குட்டை. குழலை மேல்நோக்கிப் பிடித்து ஓங்கித் தட்டாவிட்டால் உறை பாதியில் நிற்கும். நெருக்கடியில் இரண்டாவது ஐந்தை நம்பாதீர்கள்.

வீட்டில் வைப்பதற்கு மறைக்கும் கவலை இல்லை. பூட்டிய பெட்டியில், முழு அளவுத் துப்பாக்கி, 15 அல்லது 17. உங்கள் ஊர்ச் சட்டம் 10-க்கு மேல் விடாது என்றால் பேச்சே இல்லை, பத்துதான்.

எதை வாங்கினாலும் மேகசின்களுக்கு எண் எழுதிவையுங்கள். தற்காப்புக்கு வைக்கும் அதே வகைத் தோட்டாவை ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 சுட்டுப் பாருங்கள். எந்த எண் சிக்கலைக் கொடுத்ததோ அதைப் பயிற்சிப் பைக்குத் தள்ளிவிடுங்கள், இடுப்புக்கு வேண்டாம்.