ஊசி போடாததும் வைத்தியம்தான்

இரண்டு நாளாக நம்ம ஊர் வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டே முக்கால் நிமிட வீடியோவை, நம்ம டாக்டரைத் திட்டி ஒரு தம்பி எடுத்ததை, பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதையே சவூதியில் இருக்கும் ஒரு காக்கா (அண்ணன்), "உங்க ஊரு டாக்டரு லட்சணத்தப் பாருங்க" என்று எனக்கே அனுப்பி வைத்துவிட்டார். இனி சும்மா இருக்க முடியாது.

குற்றச்சாட்டு இவ்வளவுதான். தம்பியின் அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். டாக்டர் 150 ரூபாய் வாங்கினார். ஊசி போடவில்லை. குளுக்கோஸ் ஏற்றவில்லை. பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிட்டார். "இதுக்கு எதுக்குங்க டாக்டரு? மாத்திரய நானே மெடிக்கல்ல வாங்கிக்க மாட்டேனா?" என்று தம்பி கேட்கிறார். ஊரே கைதட்டுகிறது.

அந்த மெடிக்கலில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள் என்பதால் சொல்கிறேன். ஊசி போடாமல் அனுப்பினாரே, அதற்குத்தான் அந்த 150 ரூபாய்.

முதலில் இந்த "பாட்டில்" கதையை முடித்துவிடுவோம். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நீங்கள் சொல்லும் குளுக்கோஸ், அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். ஒரு சொம்பு பானகத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும். நார்மல் சலைன் என்றால் அதே அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு. சத்து இல்லை, தெம்பு இல்லை, உப்புத் தண்ணீர். வாயால் குடிக்க முடியாதவருக்கு, வாந்தி நிற்காதவருக்கு, ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு அது உயிர் காக்கும். காபி குடித்துக்கொண்டே க்ளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது கையில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

டெங்குக் காய்ச்சலில் அந்த ஓட்டை வெறும் ஓட்டையாக நின்றுவிடாது. மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான், ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். அப்போது கணக்குப் பார்க்காமல் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் அந்த நீர் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்ச் சேரும். கசிவு நின்ற பிறகு அதெல்லாம் திரும்ப ரத்தத்துக்குள் வரும்போது மூச்சுத் திணறும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மணிக்கு இத்தனை மில்லி என்று எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். பெஞ்சில் படுக்கவைத்து "ரெண்டு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர்" என்பது அந்தக் கணக்கில் சேராது.

அடுத்து ஊசி. நம் ஊரில் "காய்ச்சல் ஊசி" என்று கேட்கிறார்களே, அதற்குள் என்ன இருக்கும் தெரியுமா? பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. சில இடங்களில் கூடவே டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் உடம்பு லேசாகும், பசி எடுக்கும், "கைராசிக்காரர்" என்று பேரும் கிடைக்கும். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் படுத்தும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கும்போது சதையில் ஊசி குத்துவதே தப்பு, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். நோய் உள்ளேயே இருக்கும், தெர்மாமீட்டர் மட்டும் பொய் சொல்லும். சர்க்கரை நோயாளிக்குப் போட்டால் சர்க்கரை மளமளவென்று ஏறும். நம் கரையோரத்தில் ஐம்பது தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இடுப்பு ஊசி இடம் தவறினால் நரம்பில் படும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தேய்த்து நடக்கிற ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு மாதாமாதம் வருவார். மழைக்காலத்தில் வந்த ஒரு சாதாரண ஜுரத்துக்கு எங்கோ போட்ட ஒரு ஊசி. போட்டவர் டாக்டரே இல்லை. ஆனால் அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. ஊசி போட்டாரே!

"சரிப்பா, கடலுக்குப் போறவன் மூணு நாள் படுத்துக் கெடக்க முடியுமா? டோக்கன் போயிருமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி இது ஒன்றுதான், அதனால் இதற்கு மட்டும் கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். டோக்கன் என்பது அன்றைக்குக் கடலுக்குப் போகிற அனுமதிச் சீட்டு. விசைப்படகுக்காரருக்குத் தொழில் வாரத்தில் சில நாள்தான். அதில் ஒரு நாள் போனால் வட்டிக்காரன் நிற்பான். அதனால்தான் ஊசி கேட்கிறார்கள், தெரியும். ஆனால் ஊசியில் கிடைக்கும் அந்தத் தெம்பு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். அது தீர்கிறபோது படகு கரையில் இருக்காது, நடுக்கடலில் இருக்கும். அங்கே பல் ஈறில் ரத்தம் வந்தால், வயிறு வலித்துச் சுருண்டால், 108க்கு யார் போன் போடுவது?

குடும்ப டாக்டர் என்றால் என்ன என்பது இங்கேதான் வருகிறது. அவருக்கு உங்கள் தொழில் தெரியும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் படகேறினால் விடியற்காலை மூன்று மணிக்கு வலை இழுக்கும்போது சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். கூட இருப்பவர்கள் தண்ணி போட்டிருக்கான் என்று நினைப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதுகிறவருக்கு "நீங்க என்னைக்குக் கடலுக்குப் போவீங்க, போற அன்னைக்கு எப்பச் சாப்பிடுவீங்க" என்று கேட்க நேரமிருக்காது. நம்ம ஊர் டாக்டர் கேட்பார். மாத்திரையை மாற்றுவார், அல்லது அளவைக் குறைப்பார், சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சீனி வைத்துக்கொள்ளச் சொல்வார். இதற்கு ஊசி தேவையில்லை, இரண்டு கேள்வி போதும்.

இன்னொன்று. காலில் காயத்தோடு யார் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடல்லயா, கரையிலயா?" இதைக் கேட்டுச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீமைக் கருவேல முள் என்றால் ஒடிந்த நுனி உள்ளே நிற்கிறதா என்று தேடணும், மூட்டுப் பக்கத்தில் என்றால் விடவே கூடாது. கடல் தண்ணீர் பட்ட காயம் வேறு சாதி. அந்த நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி சர்க்கரைக்காரர், ஈரல் கெட்டவர் காலில் புகுந்தால் ஒரே நாளில் கால் கறுத்துவிடும். வழக்கமான அமாக்ஸிசிலின் அதற்குப் போதாமல் போகலாம், டாக்ஸிசைக்ளின் சேர்க்கணும். திருக்கை முள் குத்தியிருந்தால் முதலில் சுடுதண்ணீர். பொறுக்கிற சூடு, 45 டிகிரி சுமாருக்கு, முப்பது முதல் தொண்ணூறு நிமிஷம் முக்கி வைக்கணும். சூட்டை அடிபடாத கையால் பார்க்கணும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அந்த விஷம் புரதம், சூட்டில் முறியும், வலி அங்கேயே பாதி இறங்கும். கெளுத்தி முள்ளுக்கும் இதேதான். பிறகு காயத்தைக் கழுவி, முள்துண்டு பார்த்து, டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு, தைக்காமல் திறந்து விடுவார். "தையல்கூடப் போடல" என்று இதற்கும் ஒரு வீடியோ வரும், எனக்குத் தெரியும்.

நெஞ்சுவலிக்கு வருவோம். போன மாதம் இதே டாக்டரைப் பற்றி, "ஒண்ணுமே பாக்காம ராம்நாட்டுக்கு எழுதித் தள்ளிட்டாரு" என்று ஒரு வாய்ஸ் வந்தது ஞாபகம் இருக்கும். ஒன்றுமே பார்க்காமலா? பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருந்தார். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் கடித்து விழுங்கச் சொல்லி, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் 300, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் 80 கொடுத்து, எந்த மணிக்குக் கொடுத்தார் என்று சீட்டில் எழுதி, 108ல் ஏற்றினார். அரசாங்கம் 2023ல் "இதயம் காப்போம்" என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்க ஆரம்பித்த 14 மாத்திரைகளும் இதே கணக்குதான். ஆஸ்பிரின் இரண்டு, க்ளோபிடோக்ரெல் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பாம்பன் பாலத்தில் வண்டி ஊரும். அந்த வழி முழுக்க நோயாளியின் ரத்தம் மேலும் உறையாமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரைகள்தான். இதற்குப் பேர் தள்ளிவிடுவதா?

அனுப்பினாலும் திட்டு. வைத்துக்கொண்டாலும் திட்டு. ஊசி போட்டால் மட்டும் கும்பிடு.

"நூத்தம்பது ரூபா கொள்ளை" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஆட்டோக்காரருக்கு எவ்வளவு கொடுத்து க்ளினிக் வந்தீர்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

"டாக்டர் எல்லாம் யோக்கியமா? லேப் கமிஷன் வாங்கலையா?" வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத ஸ்கேன் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் கேட்ட ஊசி கேட்டபடி கிடைக்கும். நீங்கள் அங்கே போய் வீடியோ எடுப்பதில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"நீ மெடிக்கல்காரன், உனக்கு யாவாரம்" என்றும் ஒருத்தர் கண்டிப்பாகச் சொல்வார். அண்ணே, கணக்கைக் கேட்டுக்கங்க. ஊசி மருந்து, சிரிஞ்சு, சலைன் பாட்டில், ஐ.வி. செட், கேனுலா, ஒட்டுற பிளாஸ்திரி எல்லாம் எழுதினால் எனக்கு நல்ல யாவாரம். பாராசிட்டமால் ஒரு அட்டையும் ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட்டும் வித்தால் என்ன கிடைக்கும்னு நினைக்கிறீங்க? அந்த டாக்டரால் எனக்கு நஷ்டம். (சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கிற கடைகளைப் பற்றி நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கேளுங்கள். அது இன்னொரு நாள்.)

ஓ.ஆர்.எஸ். என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு பெரிய பாக்கெட் 20.5 கிராம், அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. ஒரு டம்ளரில் அரைப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிக் குடித்துவிட்டு "வயித்தால கூடிருச்சு" என்று வருகிறார்கள். கூடத்தான் செய்யும், அவ்வளவு உப்பு உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதையெல்லாம் அந்த டாக்டர் ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்துச் சொல்கிறார். அதனால்தான் அங்கே கூட்டம் நகர மாட்டேன் என்கிறது. "ரெண்டு மணி நேரம் காக்க வச்சாரு" என்று அதற்கும் தம்பி வீடியோவில் திட்டுகிறார்.

ராத்திரி பத்து மணிக்கு இழுப்பு வந்த பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கக் கதவு திறக்கிற க்ளினிக் நம் கரையில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நாய் கடித்துப் போனால், பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் குழாயடியில் நிற்க வைத்துக் கழுவிவிட்டு, தடுப்பூசிக்கு 0, 3, 7, 28ஆம் நாள் என்று தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு ஜி.ஹெச்.சுக்கு அனுப்புகிற ஆள் எத்தனை? படித்து முடித்த பிள்ளைகள் மதுரையிலும் சென்னையிலும் நிற்கிறார்கள். வந்த ஒருத்தரையும் இப்படி மொபைலைத் தூக்கிக் காட்டினால், அடுத்த வருஷம் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். அப்புறம் ஊசிக்காரர்தான் மிச்சம். வசதியாகப் போச்சு.

தம்பி, கடைசியாக உங்களிடம். வீடியோவில் ஒரு இடத்தில் அந்தச் சீட்டைக் கேமராவுக்கு நேரே நீட்டி "பாருங்க, ஒரே ஒரு மாத்திர" என்கிறீர்கள். நான் அங்கே நிறுத்திவிட்டுப் பெரிசாக்கிப் படித்தேன். மேலே பி.பி. 110/70, நாடி 96. அதற்குக் கீழே பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சி. "வலி மாத்திரை, ஊசி கூடாது" என்று இரண்டு கோடு போட்டிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போகணும் என்று தமிழில் எழுதியிருக்கிறார். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகக் கிடந்தால் உடனே வரவும். உங்கள் கட்டைவிரல் மறைத்திருக்கும் கடைசி வரியில் "சி.பி.சி." (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சோதனை) என்பதும் "புதன்" என்பதும் மட்டும் தெரிகிறது.

நீங்கள் டாக்டரைப் பார்த்த திங்கட்கிழமை காய்ச்சலின் மூன்றாம் நாள் என்றால், புதன்கிழமை இன்றைக்கு ஐந்து. காய்ச்சல் விட்டிருந்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். லேப் எட்டரைக்கே திறந்துவிடும், வெறும் வயிறு வேண்டியதில்லை.