நிக்குதே சார்!

“நிக்குதே சார்!”

மலை இறக்கத்தில் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு மெக்கானிக் தந்த பதில் இது. பட்டறை வாசலிலிருந்து தெருமுனை வேப்பமரம் வரை மிஞ்சிப்போனால் ஐம்பது மீட்டர். முதல் கியரில் ஜீப்பை உருட்டிக்கொண்டு போய், சீட்டை விட்டு எழும்பி, மொத்த உடம்பையும் காலில் இறக்கி ஒரு மிதி. வண்டி நின்றது. அந்த வேகத்துக்குச் செருப்பைத் தரையில் தேய்த்தாலே நின்றிருக்கும். அப்புறம் ரிவர்ஸில் வந்தார். மறுபடி வேப்பமரம், மறுபடி மிதி, மறுபடி “நிக்குதே சார்!” மூன்றாம் தடவை எதிர் டீக்கடைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவரும் பாய்லரை விட்டுவிட்டு வந்து பார்த்து, “நிக்குதுங்களே” என்றார். தீர்ப்பு வந்துவிட்டது. பைத்தியம் நான்தான்.

ஐயா, நான் வேப்பமரம் வரைக்குமா ஓட்டுகிறேன்? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. மலைமேல் செம்மேட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது இரண்டாவது கியரில்தான் வருகிறேன். முதல் மிதிக்குப் பிடிக்கும். அடுத்த வளைவில் மிதித்தால் பாதிதான். அதற்கடுத்த வளைவில் பெடல் கருங்கல். காலால் உதைக்கிறேன், அது அசையவே இல்லை. பின்சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த மாமியார் முருகா முருகா என்று ஆரம்பித்துவிட்டார்.

இதைத்தான் மூன்று பட்டறையிலும் சொன்னேன். முதல் ஆள் காது கொடுக்குமுன்பே முன்னால் பிரேக் பேடு, பின்னால் பிரேக் ஷூ எல்லாம் புதிதாக மாட்டிவிட்டார். அடுத்தவர் “மாஸ்டர் சிலிண்டர் போச்சு” என்றார். மிதிக்கிற அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கிற அந்த மாஸ்டர் போனால் மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்கும், எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறதே என்றேன். “98 மாடல் சார், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே மாற்றினார். மூன்றாமவர்தான் நம் வேப்பமரத்தார். “ஏர் புடிச்சிருக்கு” என்று பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றை வெளியேற்ற நாலு வீலிலும் பிளீடிங் எடுத்தார். ஏர் பிடித்தால் பெடல் பஞ்சு மாதிரி அல்லவா இருக்கும்? நான் கல் என்கிறேன், அவர் பஞ்சுக்கு வைத்தியம் பார்க்கிறார். பல்வலி என்று போனவனுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புகிற கதைதான். இத்தனைக்கும் இது நாமக்கல். லாரி கட்டுகிற ஊர். கல்லை விட்டெறிந்தால் ஒரு மெக்கானிக் மேல்தான் விழும். இன்றைக்கு எறியவும் தோன்றியது.

கூட ஒரு நண்பர் யோசனை வேறு. “ஃபோர் வீல் போட்டு இறங்கேன், பிரேக்கே வேண்டாம்.” காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்து வளைத்து ஓட்டினால் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அதையும் கழற்றிப் போட்டால் திருப்தியா?

கடைசியில் வீட்டு வாசலில் நானே உட்கார்ந்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தடவை பெடலை அடித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பூஸ்டர் வேலை செய்தால் அந்த நேரம் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். ஒரு நூல்கூட இறங்கவில்லை. பூஸ்டர் ஓடுவதே வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சிய வெற்றிடத்தில். டீசல் இன்ஜினுக்குத் தானாக வேக்குவம் வராது, ஆல்டர்னேட்டர் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டி பம்ப்தான் உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து பூஸ்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் அருகே காதை வைத்தேன். உஸ்ஸ்ஸ். கிளாம்புக்கு அடியில், வளைகிற இடத்தில், நகக்கண் அகலத்துக்கு வெடிப்பு. அடுத்தடுத்து மிதிக்கும்போது உறிஞ்சுவதெல்லாம் அந்த வழியாகவே போய்விடுகிறது.

ஹோஸ் 140 ரூபாய். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிடம். அதற்கு முன்னால் மூன்று பட்டறைக்கு அழுதது ஒன்பதாயிரத்துச் சொச்சம். “பெடல் உள்ளே போகுதா, கல்லு மாதிரி நிக்குதா” என்று ஒரு வார்த்தை கேட்கக் காசா பணமா?

நேற்று மலை ஏறி இறங்கிப் பார்த்தேன். 70 வளைவும் விரலால் அழுத்துகிற மாதிரி பிரேக். தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அது இருக்கட்டும். என் சீட்டை முன்னால் தள்ளி வைத்தது எந்தப் பட்டறை? லீவர் இறுகிப்போய் பின்னால் வரவே மாட்டேன் என்கிறது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, உரலுக்குள் உட்கார்ந்தவன் மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்!