மாசம் 500 ரூபாய் பூனை நாத்த வரி

நம்ம அப்பார்ட்மென்ட் நோட்டீஸ் ஸ்கிரீன்ஷாட்டை நேத்தே எல்லாரும் பார்த்தாச்சு. பூனை இருக்கிற வீடு ஒவ்வொண்ணும் மாசம் 500 ரூபாய் ‘துர்நாற்றப் பராமரிப்பு’ கட்டணுமாம். நாலு பூனை வீட்டுக்கும் 500, கைக்குள்ள அடங்குற குட்டி ஒண்ணு இருக்கிற வீட்டுக்கும் 500. அந்தக் காசுல காரிடாருக்கு ஃபினாயில் வாங்குவாங்களாம். பெங்களூர்ல தண்ணி லாரிக்குக் கொடுக்கிற காசுக்கு முன்னாடி இது பெருசில்லதான். ஆனா காசு பத்தின பேச்சே இல்ல இது.

பூனை மலஜலம் போற மண் ட்ரே இருக்கே, அள்ளாத ட்ரே நாறும். அள்ளின ட்ரே நாறாது. விஷயம் இவ்வளவுதான்.

பூனை மூத்திரம் போன உடனே அவ்வளவா வீசாது. அதுல இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைச்சு அமோனியா ஆக்கும்போதுதான் மூக்கைப் பிடிக்க வைக்கும். அதுக்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்காம காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அள்ளிட்டா முடிஞ்சுது. கருத்தடை பண்ணாத கடுவன் மட்டும் விதிவிலக்கு. அதோட மூத்திரமே தனி ரகம். அதுக்கு ஆபரேஷன்தான் வழி, ஊதுபத்தி இல்ல.

“அந்த மண் விலை கட்டுப்படியாகுமா?”னு கேக்கிறவங்களுக்கு நியாயமான பதில் உண்டு. பெண்டோனைட் களிமண் ஈரம் பட்டா உப்பி உருண்டையாகும், உருண்டையை மட்டும் எடுத்தாப் போதும். ட்ரேயில 2, 3 அங்குல ஆழம் இருக்கணும். சிக்கனம்னு ஒரு அங்குலம் போட்டா மூத்திரம் அடியில ஒட்டிக்கும், சுரண்டும்போது உருண்டை உடையும், உடைஞ்ச தூள் மிச்ச மண்ணையும் கெடுக்கும், கடைசியில மொத்தத்தையும் கொட்டணும். குறைச்சுப் போடுறவங்கதான் அதிகம் செலவு பண்றாங்க.

இன்னும் மலிவு வேணுமா, பைன் மரத்தூள் பெல்லட். பாய்லர்ல எரிக்க மூட்டையா விக்கிறாங்களே, அதேதான். பை மேல பூனைப் படம் போட்டா விலை ஏறிடுது. ஆனா எரிபொருள் பெல்லட்ல கடலைத்தொலி, வேற கழிவெல்லாம் கலந்திருக்கலாம், அதனால சுத்த மரமான்னு கேட்டு வாங்கணும். ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீர்ல போட்டா பத்து நிமிஷத்துல பூப்போல உதிரணும், எண்ணெயோ கெமிக்கல் வாடையோ வரக்கூடாது. காய்கறி கழுவுற ஓட்டைக் கூடையை ஒரு பேசினுக்குள்ள உக்கார வெச்சு அதுல பெல்லட்டைக் கொட்டுங்க. மூத்திரம் பட்டது தூளாகி, கூடையை ஆட்டினா கீழ விழும். முழுசா இருக்கிறது மேலயே நிக்கும். மலத்தை எடுக்க வடை எடுக்கிற மாதிரி ஒரு ஜல்லிக்கரண்டி. (சமையலறைக் கரண்டி இல்ல, தனியா வாங்கினது. இதுக்கும் ஒரு நோட்டீஸ் வந்துடப்போகுது.) மரக்கடைத் தூள் ஓசியில கிடைக்குதேன்னா, பிளைவுட் தூள்ல பசை இருக்கும், வேணாம்.

“எங்க ஊர்ல ஆத்து மணல்தான் போட்டோம்.” போட்டீங்க. மணல் ஈரத்தை உறிஞ்சாது, மூத்திரம் அடியில தேங்கும், ரெண்டாம் நாளே தெரிஞ்சுடும். கட்டட வாசல்ல குவிச்சிருக்கிற எம்-சாண்டா இருந்தா தெருப்பூனைங்க ஏற்கனவே திறப்புவிழா நடத்தியிருக்கும், குடல் புழுவும் கூடவே வரும்.

ஒண்ணுல அசோசியேஷன் சொன்னது சரி, மறைக்கல. மூணாவது மாடி பைப் அடைச்சுக்கிட்டது பூனை மண்ணாலதான். பிளம்பர் பைப்போட வளைவைக் கழட்டினப்போ உள்ள சாம்பல் நிறத்துல, இட்லி மாவு காய்ஞ்ச மாதிரி இறுகி, ஸ்குரூ டிரைவரால குத்தினாலும் வரல. உப்புற மண்ணை டாய்லெட்ல போட்டா அப்படித்தான். பாத்ரூம்ல ட்ரேயைக் கழுவும்போதும் முதல்ல ஒட்டியிருக்கிறதைப் பேப்பரால துடைச்சிடணும். அள்ளினதைப் பேப்பர்ல சுத்தி, சானிட்டரி குப்பையோட சிவப்பு டப்பாவுல போடணும். ஈரக் குப்பைக்கான பச்சை டப்பாவுல போட்டா பவுரகார்மிகர்தானே (துப்புரவுத் தொழிலாளிதானே) அதைக் கையால பிரிக்கணும்? இதை ஒரு வரி நோட்டீஸ்ல எழுதியிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எழுதலையே. ஃபினாயில்னுல்ல எழுதியிருக்கீங்க.

ஃபினாயில்ல இருக்கக்கூடிய ஃபீனால் வகைப் பொருளை உடைச்சு வெளியேத்தற வசதி பூனையோட ஈரல்ல ரொம்பக் குறைவு. துடைச்ச தரையில நடக்கும், பாதத்தை நக்கும், உள்ள போயிடும். டெட்டால்ல இருக்கிற குளோராக்சைலினாலும் அதே கதை. தண்ணியில ஊத்தினதும் பாலா வெளுக்கிற கிருமிநாசினி எதுவும் பூனை நடமாடுற இடத்துல வேணாம். பிளீச்சை மூத்திரத்து மேல ஊத்தினா குளோரமைன் வாயு கிளம்பும், அது பூனைக்கு மட்டுமில்ல, செக்ரட்டரிக்கும் தொண்டை எரியும். ட்ரேக்கு வாரம் ஒரு தடவை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போதும். தரையில போயிட்டா, மூத்திரத்தை உடைக்கிற என்சைம் கிளீனர். வினிகர்னா டைல்ஸுக்கு மட்டும், மார்பிள்லயும் கடப்பா கல்லுலயும் பட்டா அரிச்சுடும்.

அப்புறம் குரூப்ல அந்த வாய்ஸ் மெசேஜ். “மாசமா இருக்கிற பொண்ணு வீட்ல பூனையா, தெருவுல விடுங்க.” இதுதான் தூங்க விடல. அவங்க பயப்படுற டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணி பூனை மலத்துல வந்தாலும், ஒட்டிக்கிற பக்குவத்துக்கு வர 1 முதல் 5 நாள் வேணும். தினம் அள்ளினா அந்த நாளே அதுக்குக் கிடைக்காது. வெளியில போகாம, பச்சை மாமிசம் தின்னாம இருக்கிற பூனைக்கு அது தொத்தற வாய்ப்பே கம்மி. வேகாத கறி, கழுவாத கீரை வழியாவும் மனுஷங்களுக்கு வரும், அதுக்காக யாரும் அடுப்பைத் தெருவுல விடல. அந்தப் பொண்ணு அள்ள வேண்டாம், அவ்வளவுதான். வீட்ல புருஷன்னு ஒருத்தர் இருக்கார், ரெண்டு கையும் இருக்கு. அதை யாருமே சொல்லல பாருங்க. வளர்த்த பூனையைத் தெருவுல விடுறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதையும் யாரும் சொல்லல.

சரி, 500 ரூபாயைக் கட்டிடுறேன். ரசீதுல மட்டும் ‘பூனை நாத்தம்’னு எழுதாம ‘ஃபினாயில்’னு தெளிவா எழுதிக் கொடுங்க. கால்நடை டாக்டர் என்ன பட்டுச்சுன்னு கேட்டா காட்ட உதவும்.