தவறிப் போன பணத்துக்கு யார் பொறுப்பு?

ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே ஒரு பதிவு போடுவார்கள். "நம்ம ஊர்ல இளநீர் வண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குது. இங்க ரொட்டிக்கடையில கார்டு வாங்க மாட்டேங்கிறாங்க. இதுவா முன்னேறிய நாடு?" அந்தப் பெருமிதத்தில் நியாயம் இருக்கிறது. 2016-இல் வந்த யுபிஐ, கூடைக்காரம்மா கணக்கிலும் நொடியில் பணத்தைச் சேர்த்துவிடுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. இத்தனை மலிவான ஏற்பாடு பல பணக்கார நாடுகளில் இன்றும் கிடையாது.

ஆனால் வேகத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டின் பணப்பழக்கத்தை எடைபோடுவதை நான் ஏற்கவில்லை. பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நாடும் ஏன் இப்படிப் பணம் கட்டுகிறது என்பதில் பாதி அங்கேயே விளங்கிவிடும்.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். அங்கே மின்கட்டணம், போன், ஜிம் எல்லாம் பெரும்பாலும் 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்' முறையில்தான் போகும். நாம் அனுப்புவதில்லை, கம்பெனி நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேட்டால் நமக்குப் பகீரென்று இருக்கும், "என் கணக்கில் அவன் கைவைப்பதா?" என்று. ஆனால் எடுத்த பணத்தை 8 வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நெட் பேங்கிங்கில் அந்த வரியைத் திறந்து 'திருப்பு' என்று அழுத்தினால் போதும். நீங்கள் அனுமதியே கொடுக்காமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம். யூரோ வட்டாரம் முழுக்க இதே விதிதான். எடுத்தவர்தான் ஓட வேண்டும், இழந்தவர் அல்ல.

இதில் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜிம் பிடிக்கவில்லை என்று பணத்தைத் திருப்பிவிட்டு, ஒப்பந்தம் அதோடு முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். முடியாது. பணம்தான் திரும்பியது, கடன் அப்படியே நிற்கிறது. முதலில் நினைவூட்டல் கடிதம் வரும், பிறகு வசூல் நிறுவனம் வரும், முற்றினால் 'ஷூஃபா' என்ற கடன் பதிவேட்டில் ஒரு கறை விழும். அடுத்த வீடு தேடும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த ஷூஃபா தாளைத்தான். ஆகவே ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்து, அதன் பிறகும் எடுத்தால் மட்டும் திருப்புங்கள். மாத ஆரம்பத்தில் கணக்கில் வாடகைக்கு மேல் கொஞ்சம் பணம் விட்டுவைப்பதும் முக்கியம். எடுக்க வரும்போது பணம் இல்லையென்றால், எடுக்க முடியாமல் திரும்பியதற்கான கட்டணத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

ரொட்டிக்கடைக்காரர் கார்டை மறுப்பது பழமைவாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல சிறு கடைகள் 'ஜிரோகார்டு' என்ற உள்நாட்டு அட்டையை வாங்கும், நம் விசாவை வாங்காது. காரணம் கமிஷன்தான். கதவில் '10 யூரோவுக்கு மேல் மட்டும்' என்று எழுதியிருப்பதும் அதனால்தான். கையில் ஒரு 50 யூரோ ரொக்கமும், கழிப்பறைக்கும் கடைத் தள்ளுவண்டிக்கும் 50 சென்ட், 1 யூரோ நாணயங்களும் எப்போதும் இருக்கட்டும். உணவகத்தில் "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார்கள். அவரவர் சாப்பிட்டதை அவரவர் கட்டுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. பில் 27.40 என்றால் டிப்ஸையும் சேர்த்து, பணத்தை நீட்டும்போதே "30" என்று சொல்லிவிட வேண்டும். கார்டு என்றால் அவர் தொகையைத் தட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே 1.500,00 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு. புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர் எதிர். வாடகை முன்பணம் அனுப்பும்போது இதில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே அலமாரியில் ஒட்டியிருப்பது வரி சேராத விலை. 9.99 என்று பார்த்து 10 டாலர் நீட்டினால் போதாது. மாநிலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வரி கல்லாவில்தான் ஏறும். ஒரிகான், மொன்டானா போன்ற சில மாநிலங்களில் மட்டும் அந்த மாநில விற்பனை வரி இல்லை.

உணவகத்தில் டிப்ஸ் ஏன் 18, 20 சதவீதம் என்று கொதிப்பதற்கு முன் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2.13 டாலர். டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி தர வேண்டிய மணிக்கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் அதுதான். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் முழுக் கூலி தரச் சொல்கின்றன. பல மாநிலங்களில் இன்னும் சொற்பமே. நாம் பில்லில் எழுதும் டிப்ஸ் அவருடைய சம்பளம்.

கார்டில் கட்டும்போது நடப்பது இரண்டு படி. பரிமாறுபவர் கார்டை எடுத்துப் போய் 40 டாலருக்கு வங்கியிடம் ஒப்புதல் மட்டும் வாங்கி வருகிறார். சீட்டில் டிப்ஸ் 8, மொத்தம் 48 என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். கடை மூடும் நேரத்தில் அவர்கள் 48-ஐ ஏற்றுவார்கள். அதனால் போனில் முதலில் 40 காட்டும், சில நாளில் 48 ஆகும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், ஆனால் உங்கள் பிரதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் என்ற கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் சேவைக் கட்டணத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள்; அந்த வரியைப் பார்க்காமல் இரண்டு முறை கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

பெட்ரோல் பங்கில் இயந்திரம் ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) கேட்கும். நம் கார்டின் முகவரிக்கு அப்படி ஓர் எண் இல்லை, தப்பாகப் போட்டால் கார்டு மறுக்கப்படும். உள்ளே போய் "நாலாம் நம்பர் பம்ப், 40 டாலர்" என்று முன்கூட்டியே கட்டுவதுதான் வழி. டொராண்டோவிலிருந்து எல்லை தாண்டி ஓட்டிப் போகும் நம்மவர்களுக்கு ஒரு வசதி: அஞ்சல் குறியீட்டில் உள்ள மூன்று எண்களையும் வரிசையாகப் போட்டு இரண்டு பூஜ்யம் சேர்த்தால் பல கனடா கார்டுகள் வேலை செய்யும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் கிரெடிட் கார்டை நீட்டுவது பரிசுப் புள்ளிக்காக மட்டும் இல்லை. யாரோ திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் கிரெடிட் கார்டில் உங்கள் பொறுப்பு சட்டப்படி அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு தொலைந்தால் இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50, தாமதித்தால் 500, கணக்கு அறிக்கை வந்து 60 நாள் கடந்தும் சும்மா இருந்தால் அதன் பிறகு போவதற்கு வரம்பே இல்லை. ஆகவே அங்கே வாழப் போகிறவர்கள் டெபிட் கார்டை ஏடிஎம்முக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஸெல் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக நீங்களே அனுப்பிய பணம் நம் யுபிஐ போலத்தான், போனது போனதுதான்.

கனடாவில் ரொக்கத்துக்குத் தனிக் கணக்கு. ஒரு சென்ட் நாணயத்தை 2013 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். வரி சேர்த்த கடைசித் தொகையைத்தான் ஐந்தின் மடங்காகத் திருத்துவார்கள்: கடைசி இலக்கம் 1, 2 என்றால் பூஜ்யத்துக்கு இறங்கும், 3, 4 ஐந்தாகும், 6, 7 ஐந்துக்கு வரும், 8, 9 பத்தாகும். கார்டில் கட்டினால் சென்ட் பிசகாது. வாடகையிலிருந்து சீட்டுப் பணம் வரை கைமாறுவது இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில். மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு கேள்வி வைப்போம். சரியான பதிலைப் போட்டால்தான் பணம் இறங்கும். ஓட்டை இருப்பது இங்கேதான். பெறுபவரின் மின்னஞ்சலுக்குள் திருடன் நுழைந்துவிட்டால் "நம் ஊர் எது?" என்ற கேள்விக்கு 'யாழ்ப்பாணம்' என்று ஊகிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? பதிலையும் அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பாதீர்கள். பெறுபவர் ஆட்டோடெபாசிட்டைப் பதிந்துவிட்டால் கேள்வியே இல்லாமல் நேராகக் கணக்கில் விழும். குடும்பத்தில் எல்லாருக்கும் அதை இன்றே போட்டுக்கொடுங்கள்.

ஜப்பானைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணத்தைக் கையில் கொடுக்காமல் சிறு தட்டில் வைக்க வேண்டும்; டிப்ஸ் கிடையாது. 1 யென், 5 யென் நாணயங்களைத் தானியங்கி இயந்திரங்கள் வாங்காது; ஒரே வகை நாணயம் 20-க்கு மேல் போனால் கடைக்காரர் சட்டப்படி மறுக்கலாம். ரயிலுக்கும் கடைக்கும் பயன்படும் சுய்கா அட்டையில் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. ரொக்கத்தை அவர்கள் விடாததற்கு ஒரு வலுவான காரணம் 2018 செப்டம்பரில் தெரிந்தது. நிலநடுக்கத்தில் ஹொக்கைடோ தீவு முழுவதும் இருண்டபோது கார்டு இயந்திரங்கள் செத்துக் கிடந்தன. சட்டைப்பையில் நோட்டு இருந்தவர்தான் ரொட்டி வாங்கினார். புயல் வந்து டவர் விழும் நம் கடலோர மாவட்டங்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வீட்டில் நாலு நாள் செலவுக்குச் சின்ன நோட்டுகளாக வைத்திருங்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும், கார்டு இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் சேவை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு விலை போட்டு மாற்றும். கிளம்புமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க வேண்டும். 2020 மார்ச் முதல் தரப்படும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. திரும்பியதும் மறக்காமல் மூடுங்கள், ஏனென்றால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஐபான் எனப்படும் வங்கிக் கணக்கு எண்ணில் இரண்டு சோதனை இலக்கங்கள் உண்டு. 97-ஆல் வகுத்துப் பார்க்கும் கணக்கு அது. ஓர் இலக்கம் தவறினால் பணம் கிளம்பாது. நம் செல்போன் எண்ணில் அப்படி எதுவும் இல்லை. ஓர் இலக்கம் பிசகினால் அது வேறொருவரின் உயிருள்ள எண், பணம் நேராக அவரிடம் போகும். திரையில் தெரியும் பெயர் ஒன்றுதான் நமக்குக் காவல். அவசரத்தில் அதைப் படிக்காமல் பின் போடும் பழக்கத்தை விட்டாக வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் ஒருபோதும் தேவையில்லை. "பணம் வர பின் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது திருட்டு.

தவறிய பிறகு என்ன ஆகிறது? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதி, யாரோ நம் கணக்கில் புகுந்து எடுத்தால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னவரைக் காப்பாற்றுகிறது. ஏமாற்றப்பட்டு நாமே பின் போட்டு அனுப்பினால் அந்தக் குடை நம்மேல் விரியாது. போலி போலீஸாக வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியக்காரரிடம் பறிப்பது இந்த இடைவெளியில்தான்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக்குள் நீங்களே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும்; வழக்கமாக ஐந்து வேலை நாளில். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருடன் பணத்தை வாங்குவதற்கு ஏதோ ஒரு வங்கி ஒரு வாடகைக் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறது. அதற்குக் கைக்காசு போகும் என்றால் கணக்குத் திறக்கும் மேசையிலேயே கவனம் வரும். பிரேசில் வேறு மாதிரி யோசித்தது. இரவில் ஆளைக் கடத்தி, நம் யுபிஐ போன்ற 'பிக்ஸ்' வழியாகப் பறிப்பது பெருகியதும், 2021 அக்டோபரில் இரவு 8 முதல் காலை 6 வரை தனிநபர்களின் பிக்ஸ் பரிமாற்றத்துக்கு 1,000 ரெயால் (பிரேசில் நாணயம்) வரம்பு வைத்தார்கள். வரம்பை உயர்த்தக் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

இரண்டையும் நாம் கேட்டுப் பெற வேண்டும். பணம் பெற்ற வங்கி பாதி நஷ்டத்தைச் சுமக்கட்டும். 60 தாண்டியவர்கள் புதிய ஆளுக்கு முதல்முறை பெரிய தொகை அனுப்பினால், அவர்கள் விரும்பினால், ஒரு நாள் நிறுத்தி வைக்கும் வசதி வரட்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அம்மாவின் கையில் யுபிஐயைக் கொடுத்துவிட்டு, தவறினால் அவர் பாடு என்று விடுவது அநியாயம்.

அதுவரை கையில் இருப்பது இவ்வளவே. பணம் போனது தெரிந்தவுடன் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அக்கம்பக்கத்தில் ஆலோசனை கேட்டு ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். திருடன் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்த்துவதற்குள் முடக்கினால்தான் மீதம் கிடைக்கும். ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க யுபிஐ எண், தொகை, நேரம், போன கணக்கின் பெயர் நான்கையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.