தண்ணீர் உரிமைதான், இலவசம் என்று யார் சொன்னது?

“2010-இல் ஐ.நா. தண்ணீரை மனித உரிமை ஆக்கிவிட்டது; இனி ஊட்டியில் யாரும் குடிநீர்க் கட்டணம் கட்ட வேண்டாம். தனியார் கைக்குப் போனால் உரிமையே போச்சு” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது நிஜம். ஆதரவு 122, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, நடுநிலை 41. இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் அது நம் நகராட்சியைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. இலவசம் என்றும் அதில் இல்லை. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் விலையில் எல்லோருக்கும் குடிநீர் என்றுதான் இருக்கிறது. ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீர் ஊருக்குத் தானாக ஏறி வருவதில்லை. மோட்டார் ஓட வேண்டும், கரண்டு போனால் குழாயில் காற்றுதான்.

சரி, தனியார்? அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் இதைத் தெளிவாக்கியது: விநியோகத்தைப் பிறரிடம் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பை அரசு கைகழுவ முடியாது.

உள்ளூரில் வாதாட ஐ.நா. வரை போகவும் வேண்டாம். மாசில்லாத தண்ணீர், வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணத்தைக் கட்டிவிட்டு, கலங்கலாக வந்த குடத்தோடு போய்க் கேளுங்கள்.