நல்லா அழுத்துங்க என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்து பாருங்கள்

டைட்டானியம் ராடில் நர்லிங் போட, அதாவது கை வழுக்காமல் இருக்க மேலே சொரசொரப்பாகக் குறுக்குக் கோடுகள் பதிக்க, வழி கேட்டேன். "நல்லா அழுத்துங்க" என்றார்கள். நேற்று இரவு பத்தரை மணிக்கு மூன்றாவது ராடும் பாழாய்ப்போனது. வயிறு எரிகிறது. எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

என் மச்சான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கை ரொம்ப வியர்க்கும். எந்த ஸ்க்ரூ டிரைவர் வாங்கினாலும் சில மாதங்களில் பிடியில் துரு ஏறிவிடும். வியர்வை உப்புக்கெல்லாம் டைட்டானியம் அசையாது, எடையும் இரும்பில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. சரி, கிரேடு 5 என்கிற டைட்டானியம் கலவையில் 12 மில்லிமீட்டர் ராடு வாங்கி, லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஒரு பிடி கடைந்து கொடுப்போம் என்று கிளம்பினேன். கடைவது நன்றாகவே வந்தது. வெட்டுவதற்குக் கூரான கார்பைடு டிப், குறைந்த வேகம், டூலை இடையில் நிறுத்தாமல் நகர்த்துகிற ஃபீட், தாராளமாக ஆயில். அழகான சுருளாக வந்து விழுந்தது. இனி கை வழுக்காமல் இருக்க நர்லிங் போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் எல்லாம் நாசமாயிற்று.

லேத் வாங்கும்போதே கூட ஒரு நர்லிங் டூல் வந்தது. பல் வைத்த இரண்டு சக்கரங்களையும் ஒரே பக்கத்திலிருந்து, சுழலும் ராடின்மேல் முட்டித் தள்ளும் வகை. விற்றவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லா மெட்டலுக்கும் ஆகும் சார்." எல்லா மெட்டலுமா? பித்தளைக்கு ஆகும், அலுமினியத்துக்கு ஆகும், மூச்சுமுட்டினாலும் எம்எஸ்ஸுக்கும் (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) ஆகும். டைட்டானியத்துக்கு ஆகாது. இதைச் சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லலாமே!

இந்த வகை நர்லிங் வெட்டும் வேலையே இல்லை. உலோகத்தை நசுக்கிப் பள்ளமாக்கி, பக்கத்தில் மேடாகப் பிதுங்க வைக்கிற வேலை. கிரேடு 5 டைட்டானியத்தின் இழுவலிமை சாதாரண எம்எஸ்ஸைப்போல இருமடங்குக்கு மேல். அதை நசுக்கத் தேவைப்படும் விசை முழுவதும் எங்கே போகும்? ராடின் முதுகில் போகும், ராடைப் பிடித்திருக்கிற சக்கில் போகும், அதைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலின் பேரிங்கில் போகும், டூலை முன்னே தள்ளுகிற கிராஸ் ஸ்லைடின் நட்டில் போகும். கோவையில் கணபதி பக்கம் பட்டறைகளில் நிற்கிற பெரிய லேத் அதைத் தாங்கிக்கொள்ளும். என் வீட்டுக் கார் ஷெட்டில் மேசைமேல் நிற்கிற சின்ன லேத் எப்படித் தாங்கும்? டூலைப் பிடித்திருக்கிற டூல் போஸ்ட் கண்ணெதிரே சாய்கிறது, ஐயா! மோட்டார் முனகுகிறது.

முதல் ராடில் பயந்து பயந்து மெதுவாக அழுத்தினேன். சக்கரம் கடிக்காமல் மேலேயே வழுக்கியது. அப்படி உரசினாலே போதும், டைட்டானியத்தின் மேல்தோல் இறுகிவிடும். பிறகு எவ்வளவு தள்ளினாலும் இறங்காது. போதாக்குறைக்குக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரட்டையாக விழுந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. 12 மில்லிமீட்டர் ராடின் சுற்றளவு 37.7. என் சக்கரத்தின் பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி, 1 மில்லிமீட்டர். 37 பல்லும் சரியாக உட்காராது, 38-ம் உட்காராது. ராடை 11.78-க்குக் கடைந்தால் சுற்றளவு 37 ஆகிவிடும், ஒரு சுற்று முடிந்ததும் பல் பழைய பள்ளத்திலேயே வந்து விழும். இவ்வளவு எளிய கணக்கு! அலுமினியமாக இருந்தால் மெத்தென்று இருப்பதால் எப்படியோ ஒப்பேற்றிவிடும். டைட்டானியம் மன்னிக்காது. இதை டூல் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது ராடை 11.78-க்குக் கடைந்தேன். சாய்சதுரங்கள் அச்சு அசலாக விழுந்தன. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் ஆழம் போகட்டும் என்று இரண்டாம் முறை ஓட்டினேன். மேடுகளின் நுனி செதில் செதிலாக உரிந்து, அதே செதில்களைச் சக்கரம் திரும்ப உள்ளே அமுக்கியது. டைட்டானியத்துக்கு இந்தக் குணம் உண்டு, எதில் உரசினாலும் ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தாது; அலுமினியம் இதைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். அதனால் சூடெல்லாம் தொடுகிற இடத்திலேயே தேங்கி, ஒட்டுவது இன்னும் கூடுகிறது. கடைசியில் கையில் இருந்தது பிடி அல்ல, அரம்.

மூன்றாவதுதான் நேற்று. கேட்ட இடமெல்லாம் ஒரே பாட்டு: "ஸ்பீடைக் குறைங்க, ஆயில் ஊத்துங்க, நல்லா அழுத்துங்க." அழுத்தினேன். ராடின் மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கில் ரிவால்விங் சென்டர் (கூடவே சுழலும் முனைத்தாங்கி) கொடுத்துத்தான் அழுத்தினேன். ஒரே தடிமன், ஒரே விசை என்றால் டைட்டானியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். விளைவு, இரண்டு முனையிலும் ஆழம், நடுவில் வெறும் கீறல். அதற்குள் பிசிறு புகுந்து ஒரு சக்கரம் தன் அச்சிலேயே இறுகிப்போய், சுற்றாமல் இழுத்துக்கொண்டே போனது. ராடும் போச்சு, சக்கரமும் போச்சு.

அழுத்தச் சொன்னவர்களில் எத்தனை பேர் டைட்டானியத்தில் நர்லிங் போட்டிருக்கிறார்கள்? வீடியோவில் பித்தளையில் போட்டுக் காட்டிவிட்டு "டைட்டானியத்துக்கும் இதே முறைதான்" என்று ஒற்றை வரியில் தாண்டிப் போகிறார்கள். ஒருவர் ஆயிலே இல்லாமல் வேகத்தைக் கூட்டச் சொன்னார். அவர்மேல் எனக்கு உண்மையாகவே கோபம். டைட்டானியத்தின் மெல்லிய துருவல் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ சீறிப் பெரிதாகும். காய்ந்த மணலைக் கொட்டித்தான் அணைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்குச் சொல்லுகிற யோசனையா அது?

ராடின் விலையை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. டைட்டானியத்தின் மூலமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. ஆனால் மணலை உலோகமாக்குவது பெரும்பாடு, ஒவ்வொரு படியிலும் செலவு, அதனால் ஒரு முழ நீளம் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கியதில் மூன்று துண்டு வீண்.

இதற்கு வேண்டியது கத்தரி மாதிரி இரண்டு கையுள்ள டூல். ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே, நடுவில் ராடு. போல்ட்டை இறுக்கினால் இரண்டு விசையும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ராடு வளையாது, ஸ்பிண்டிலுக்கும் சுமை இல்லை. இல்லையென்றால் நசுக்காமல் வெட்டியே கோடு போடுகிற நர்லிங் டூல் வாங்க வேண்டும், அதன் விலை என்னைப்போன்றவனுக்குக் கட்டாது. இந்தக் கத்தரி வகையும் லேத் வாங்கிய கடையிலேயே இருந்திருக்கிறது! அன்றைக்கே எடுத்துக் காட்டியிருந்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாவது அதையே வாங்கியிருப்பேன்.

சரி, பழைய இரும்புக் கடையில் 10 மில்லிமீட்டர் பட்டை இரண்டு எடுத்து வந்திருக்கிறேன். டூலை நானே செய்யப்போகிறேன். கோபால்ட் கலந்த எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்கிற கடின எஃகு) சக்கரம் ஒரு ஜோடி ஆர்டர் போட்டாயிற்று. ராடில் 110 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, சரியாக ஒரு பிடிக்கு ஆகும். மச்சான் காலையில்கூட போன் பண்ணிக் கேட்டார். தீபாவளிக்குள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.