வரிசையில் ஒரு நாற்காலி

செலோ, உட்கார்ந்தபடி கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம். அதை வாசிக்கும் கலைஞர் என்றதும் மேடை நடுவே ஒற்றை நாற்காலியும் பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ராவும்தான் நம் கண்முன் வருகிறது. பல இசைப்பள்ளிகளும் அந்தக் கனவை வைத்தே ஆண்டுக்கணக்கில், தனிக்கலைஞரை முன்னிறுத்தும் படைப்புகளான கான்செர்ட்டோக்களைச் சொல்லித்தருகின்றன. படித்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக்கலைஞர் வாழ்க்கை அமைவதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் செலோ வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்கான பயிற்சியைக் கடைசி வருடத்தில் அவசர அவசரமாகத் திணிப்பது தப்பு என்பதுதான் என் கட்சி.

ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்வதற்கான தேர்வான ஆடிஷனைப் பாருங்கள். முதல் சுற்றில் பல இடங்களில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோவில் கொஞ்சம் வாசித்ததுமே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அடுத்து ஆர்க்கெஸ்ட்ராத் துணுக்குகள், அதாவது ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகளிலிருந்து எடுத்த சின்னப் பகுதிகள். தலையெழுத்து அங்கேதான். பீத்தோவனின் 5ஆம் சிம்ஃபொனியில் இரண்டாம் பகுதியின் தொடக்கம், வயோலாக்களும் செலோக்களும் சேர்ந்து பாடும் மெட்டு, கேட்கப் பரம சாது. சறுக்குவது தாளத்தில். நீள ஸ்வரமும் குட்டி ஸ்வரமும் 3:1 கணக்கில் நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் 2:1 ஆகி, திஸ்ரம் போலக் குழைந்துவிடும். மனதுக்குள் தகதிமி ஓட்டி, 'மி'யில்தான் குட்டி ஸ்வரம் விழுகிறதா என்று சோதித்தால் குட்டு உடைந்துவிடும். மெண்டெல்சோனின் 'மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' ஸ்கெர்ட்சோ என்ற துள்ளலான பகுதியில் சிக்கல் வேறு. அங்கே வில் துள்ள வேண்டும், ஆனால் கையால் தூக்கித் துள்ளவைக்கக் கூடாது. வில்லின் சமநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில், சிறு அசைவில், தந்தியை ஒட்டியே வைத்திருந்தால் குச்சி தானாகத் துள்ளும். வலது கட்டைவிரல் இறுகியதும் துள்ளல் செத்துவிடும்.

கட்டைவிரல் என்றதும் இடது கையையும் சொல்லியாக வேண்டும், பலரின் தொழில் முடங்குவது அங்கேதான். செலோவின் தந்தி நீளம் சுமார் 69 செ.மீ. வெறும் தந்தியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் ஏற வயலினில் மூன்றரை செ.மீ. போதும், செலோவில் ஏழரை. இந்த அகலத்தைச் சமாளிக்கத்தான் கட்டைவிரலும் மற்ற விரல்களும் கழுத்தை இடுக்கிபோலப் பிடிக்கத் தொடங்குகின்றன. சில வருடங்களில் மணிக்கட்டும் முன்கையும் வலியெடுக்கும். சோதனை எளிது: கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு ஸ்கேல் (ஏறுமுக, இறங்குமுக ஸ்வர வரிசை) வாசியுங்கள். வாசிக்க முடியவில்லை என்றால் பிடிமானத்தில் தப்பு. தந்தியை அழுத்த வேண்டியது விரல் பலமல்ல, முழங்கையிலிருந்து தொங்கும் கையின் எடை. நாற்காலியும் முக்கியம். இடுப்பைவிட முழங்கால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உயரம் குறைந்தால் முதுகு வளையும், செலோவைத் தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின்னை எவ்வளவு நீட்டினாலும் அது சரியாகாது.

ஆங்கிலச் செலோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே 1973இல், 28 வயதில் வாசிப்பை நிறுத்தியதை அதிகப் பயிற்சியின் விளைவாகச் சிலர் சொல்கிறார்கள். அது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய். தவறான பிடிமானத்தால் வரும் கைவலியோடு அதைக் குழப்பாதீர்கள்.

வரிசையில் உட்காருவது தோல்வி என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. செலோ மேதை காஸல்ஸ் இளவயதில் பார்சிலோனாவில் கஃபேயில் வாசித்தவர், 1896இல் லிசேயு ஓபராவின் முதன்மைச் செலோக்காரர். பின்னாளில் புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநரான டோஸ்கானினி 1886இல் ரியோ டி ஜெனிரோவில் செலோ வரிசையிலிருந்து எழுந்துபோய்த்தான், 19 வயதில், 'ஐடா' ஓபராவை நடத்தினார். 1919 அக்டோபர் 27, லண்டன்: ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செலோ கான்செர்ட்டோ முதன்முதலாக அரங்கேறியது. அதே நிகழ்ச்சியின் இன்னொரு நடத்துநர் ஒத்திகை நேரத்தை விழுங்கிவிட்டதால் ஆர்க்கெஸ்ட்ரா தடுமாறியது. அன்றைக்குச் செலோ வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் நடத்துநரான பார்பிரோலி. 1965இல் டு ப்ரே அதே படைப்பை ஒலிப்பதிவு செய்தபோது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் அவரேதான்.

ஆகவே பள்ளியின் முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒரு துணுக்கு, கூடவே இசைத்தாள் வைக்கும் ஒரே ஸ்டாண்டில் இருவராக உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் வேண்டும். பக்கம் திருப்புவது உள்பக்கம், அதாவது பார்வையாளர்களுக்குத் தள்ளி இருப்பவர் வேலை. அந்த இரண்டு நொடியில் வெளிப்பக்கக்காரர் ஒருவரே இருவருக்குமாக வாசிக்க வேண்டும், திருப்பியவரோ வில் போகும் திசை பிசகாமல் திரும்ப வந்து சேர வேண்டும். இதை எந்தக் கான்செர்ட்டோவும் கற்றுத்தராது.